உப்புக் கொட்டகையில் நாளுக்கு மூன்று வரி

அவைக்குத் தலைமை தாங்கி, என் போன்ற முன்னாள் மண்டோரையும் மேடையேற்றிப் பார்க்கும் துணிவு கொண்ட ஆசிரியர் டெஸ்மண்ட் அவர்களே! பொந்தியான் தமிழ்ப் படிப்பகத்தின் பொறுப்பாளர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பெருங்கவலையை நெஞ்சிலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! தென்னந்தோப்பிலிருந்து கால் கழுவவும் நேரமின்றி ஓடி வந்திருக்கும் தோழர்களே! உள்ளே வரலாமா, வேண்டாமா என்று கதவோரம் நின்று யோசிக்கும் நண்பர்களே! வாருங்கள், வந்து உட்காருங்கள். சப்பான்காரன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இங்கே எவனும் உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள மாட்டான். உங்கள் அனைவருக்கும் சபாபதியின் வணக்கம்!

"ஓயாத உழைப்பிலும் ஓயாத எழுத்து." இது இன்றைய தலைப்பு. எழுத்தாளன் பேச வேண்டிய தலைப்பு. உப்புக் கொட்டகையில் ஆள்களை விரட்டி வேலை வாங்கிய மண்டோருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நினைக்கவில்லையா? தங்கராஜு அண்ணன் சிரிக்கிறார், அவர் நினைக்கிறார். அண்ணே, உங்கள் சந்தேகம் சரியானது. படிப்பகம் என்னை அழைக்கவில்லை. இந்த மேடையை நானே கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டு வாங்கினேன் என்பதைப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுவேன். சொல்லாமல் இறங்கினால் என்னை இழுத்துப் பிடித்து உட்கார வையுங்கள்.

இந்தப் படிப்பகத்து இளைஞர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற ஒரு புலம்பல் உண்டு. "எழுத ஆசைதான், நேரம்தான் இல்லை!" காலையில் தோட்டம், பகலில் கடை, மாலையில் சமையல், இடையில் கல்யாணம், காரியம், காய்ச்சல். நேரம் எங்கே, நேரம் எங்கே என்று தேடுகிறோம். ஐயா, நேரமே இல்லாத ஒரு காலத்தில், உயிருக்கே நாள் குறிக்கப்பட்டிருந்த ஒரு காலத்தில், ஒருவர் எழுதினார். நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா? அதற்கு மேலும் செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த நாள்களை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டுமா? அடுத்த வீட்டில் தேங்காயெண்ணெயில் தாளிக்கிற வாசம் வந்தால், இவனுக்கு எப்படி எண்ணெய் கிடைத்தது என்று கேட்டோம். ஒருவன் புதுச் சட்டை போட்டால், யாரைக் காட்டிக் கொடுத்து வாங்கினான் என்று கேட்டோம். கோயிலில் ஒருவன் கொஞ்சம் கூடுதல் நேரம் கண் மூடி நின்றால், எந்தப் பாவத்தைக் கழுவுகிறான் என்று கேட்டோம். வாய்விட்டுக் கேட்டோமா? இல்லை. கண்ணால் கேட்டோம். வயிற்றுக்கு ஊபிக்கிழங்கு, நெஞ்சுக்குச் சந்தேகம். இரண்டையும் தின்று இரண்டரை வருஷம் உயிர் வாழ்ந்தோம். மூன்றரை வருஷமா? சரி, தலைவர் திருத்துகிறார். மூன்றரை வருஷம்! முதல் ஒரு வருஷத்தை நான் மறந்துவிடப் பார்க்கிறேன் போலிருக்கிறது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜூலை மாதம். கடலோரத்தில் உப்புக் காய்ச்சும் கொட்டகை. நான் அங்கே மண்டோர். இரும்புப் பீப்பாயை நெடுக்காக வெட்டிச் செய்த பதினெட்டுத் தொட்டிகள். கடல்நீரை ஊற்றி, கரையோரச் சேற்றுக்காட்டில் வெட்டிய பாக்காவ் மரத்தைக் கீழே எரித்து, ஐந்து மணி ஆறு மணி நேரம் காய்ச்சினால் அடியில் கைப்பிடி கைப்பிடியாக உப்புப் படியும். அந்த உப்பில் பெரும்பங்கு சப்பான்காரனுக்கு. கொஞ்சம் நமக்கு. அங்கே ஏழாவது தொட்டிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தார். அமலோற்பவம் அம்மாள்.

ஏன் இந்தச் சலசலப்பு? தாய்மார்கள் பக்கத்தில் ஏன் இந்த முணுமுணுப்பு? ஆமாம், அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தங்கராஜு அண்ணன் எழுந்து நிற்கிறார். என்ன அண்ணே? "அந்த டிரசர் பெண்சாதியைப் பத்தியா பேசப் போறே?" ஆமாம் அண்ணே, அதே டிரசர் பெண்சாதியைப் பற்றித்தான். உட்காருங்கள். முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள். போகிறபோது நீங்கள் கோபப்பட வேண்டிய ஆள் வேறு ஒருவனாக இருப்பான்.

அவர் கணவர் கிரகோரி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் காலில் அவர் கட்டிய கட்டு இருந்திருக்கும். சயாம் ரயில் பாதைக்கு மருந்து தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்றார்கள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எட்டு வயது மகள் பேட்ரிசியா, கால் நிறையப் புண். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் ஊபித் தோட்டம். விடிந்ததும் உப்புத் தொட்டி, மதியத்துக்கு மேல் மண்வெட்டி, மாலையில் கிழங்கு சீவல், துணி, தண்ணீர், பிள்ளையின் புண்ணுக்கு வேப்பிலைக் கொதிநீர். அந்தப் பெண்ணுக்கு உட்காரும் நேரம் ஒன்றே ஒன்றுதான். தொட்டியில் நீர் காயும் நேரம்.

அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? படுப்பார்கள். பேன் பார்ப்பார்கள். ஊர்வம்பு பேசுவார்கள். இவர் தேங்காய் மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்துத் திரும்பி, எழுதுவார்! பழைய காலண்டர்த் தாள், தேயிலைப் பொட்டலக் காகிதம், டப்பாவிலிருந்து உரித்த லேபிள். பின்பக்கம் வெள்ளையாக எது கிடைத்தாலும் அது அவருக்குத் தாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென்சில் துண்டு. எழுதி முடித்ததும் மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். டின்னை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில், ஈரம் படாத இடத்தில் வைப்பார். பிறகு எழுந்து நுரையை அள்ளுவார்.

ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. நாள்தோறும். மழை பெய்தால் கூரைக்குக் கீழே. காய்ச்சல் வந்தால் கம்பளி போர்த்திக்கொண்டு.

நான் மண்டோர். பார்ப்பதுதான் என் வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன டிரசரம்மா, தெனம் எதையோ எழுதுறீங்க?"

"கதை, மண்டோர்."

"கதையா? இந்த நேரத்துலயா?"

"வேற எந்த நேரத்துல எழுதறது? தண்ணி காயற வரைக்கும்தான் கை சும்மா இருக்கு. தொட்டிக்கு மூணு வரி. மூணு வரி முடிஞ்சா எந்திரிச்சிருவேன் லா, உங்க வேலை கெடாது."

நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்களா? கணவன் சயாமில், பிள்ளை பாயில், பானை காலி. இந்த நிலையில் ஒரு பெண் கதை எழுதுகிறாள் என்றால் எவன் நம்புவான்? நான் நம்பவில்லை. கொட்டகையில் ஒருவரும் நம்பவில்லை. "பேரு எழுதறா. யாரு என்ன பேசுனாங்கன்னு எழுதறா. எழுதிக் குடுத்தாத்தானே புருஷன் திரும்பி வருவான்?" முதலில் இதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாகச் சொன்னவன் நான். அதன் பிறகு அவர் வந்தால் பேச்சு நின்றது. விறகு பங்கு போடும்போது அவருக்கு ஈர விறகு போனது. அலவன்ஸ் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது, அவருக்கு முன்னால் நிற்பவர் ஓரடி முன்னே நகர்வார், பின்னால் நிற்பவர் ஓரடி பின்னே நகர்வார்.

எனக்கு மட்டும் இன்னொரு பயம் இருந்தது. மற்றவர்களைவிடப் பெரிய பயம். என் தம்பி ராஜசேகரன். அதோ, ஆண்கள் பக்கம் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சயாம் ரயில் பாதை வேலைக்கு அவன் பெயர் வந்ததும் ஓடிவிட்டான். ஓடிவிட்டான் என்று நான்தான் ஊரை நம்ப வைத்தேன். உண்மையில் அவன் படகுத்துறைக்குத் தெற்கே, மூன்றாவது வாய்க்காலில், பாக்காவ் காட்டுக்குள் ஒரு பரண் கட்டி ஒளிந்திருந்தான். செவ்வாய்க்கிழமை தோறும் நீர் வற்றும் நேரத்தில், நண்டு பிடிக்கப் போகிறவன் போல் நான் கூடை தூக்கிக்கொண்டு போவேன். கூடைக்கு அடியில் கிழங்கு. இது எனக்குத் தெரியும், அவன் மனைவி செல்லத்துக்குத் தெரியும். மூன்றாம் பேருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் ஒருநாள், அமலோற்பவம் அம்மாள் நீர் மொண்டு வரக் கடலுக்கு இறங்கியபோது, நான் அந்த டின்னைத் திறந்தேன்.

மேலே இருந்த தாளை எடுத்தேன். படித்தேன். அந்த வரிகள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. "மாப்பிள்ளை: உயரம். இடது கன்னத்தில் வெட்டுத் தழும்பு. பாக்காவ் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். தெற்கே மூன்றாவது வாய்க்கால். அண்ணன் கூடையோடு போவான். கிழமை: செவ்வாய்."

ராஜசேகரா, உன் கன்னத்தைத் தடவிப் பார்க்காதே. உன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தது.

தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, எதுவும் நடக்காதவன் போல் நடந்தேன். அன்றே தம்பியை வேறு வாய்க்காலுக்கு மாற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். அடுத்து நான் செய்ததை என் தம்பிக்கும் சொன்னதில்லை, என் சாமிக்கும் சொன்னதில்லை.

அலவன்ஸ் அரிசி கொடுக்கும் இடத்தில் சப்பான் ராணுவப் போலீசான கெம்பித்தாயின் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பான். தமிழன். எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. நான் அவனிடம் போய்ப் பேச்சுக் கொடுத்து, போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டேன்.

"கொட்டகையில ஒரு டிரசர் பெண்சாதி. எந்நேரமும் எதையோ எழுதிக்கிட்டே இருக்கு. என்னன்னு தெரியலை."

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஏன் சொன்னேன்? கேளுங்கள், என் மூளை அன்று போட்ட கணக்கைக் கேளுங்கள். அவள் அவர்கள் ஆள் என்றால், இவன் சிரித்துவிட்டுப் போவான், எனக்கு உண்மை தெரிந்துவிடும். அவர்கள் ஆள் இல்லை என்றால், அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், என் தம்பியைப் பற்றி எழுத ஆள் இருக்காது. எப்படிப் போனாலும் என் தம்பி பிழைப்பான். அந்தப் பெண்? அவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

அந்த மொழிபெயர்ப்பாளன் சிரிக்கவில்லை.

கூச்சல் போடுங்கள், தடுக்கவில்லை. தங்கராஜு அண்ணே, நான் சொன்னேன் அல்லவா, உங்கள் கோபம் வேறு ஒருவன் மேல் திரும்பும் என்று? அவன் ஓடவில்லை, இங்கேதான் நிற்கிறான். மீதியையும் கேட்டுவிட்டு அடியுங்கள்.

மூன்றாம் நாள் முற்பகல். கடலோரப் பலகைப் பாதையில் பூட்ஸ் சத்தம். நான்கு பேர், கூடவே அந்த மொழிபெயர்ப்பாளன். கொட்டகை கல்லாகச் சமைந்தது. அகப்பையால் கிண்டுகிற கைகள் நின்றன. அமலோற்பவம் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் பார்வை யாரைத் தேடுகிறது என்று அவருக்குப் புரிந்த அந்த விநாடியை நான் பார்த்தேன். அவர் ஓடவில்லை. கும்பிடவில்லை. குனிந்தார். டின்னைத் திறந்தார். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அடுப்பு வாய்க்குள் தள்ளினார்! எட்டு மாதம்! தொட்டிக்கு மூன்று வரியாகச் சேர்த்த எட்டு மாதத்து எழுத்து! பாக்காவ் விறகின் தீ எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பூட்ஸ் காலால் அடுப்பை உதைத்துக் கலைப்பதற்குள் தாள் எல்லாம் கரியாகிப் பறந்தது.

என்ன எரித்தாய் என்று கேட்டார்கள். "கதை" என்றார். அடித்தார்கள். என் கண் முன்னால் அடித்தார்கள். லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்.

"மண்டோர், பேட்ரிசியாவுக்கு மத்தியானம் கிழங்கு வேகவச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

என்னிடம்! அவரைக் காட்டிக் கொடுத்த என்னிடம்!

பிள்ளையைச் செல்லம் வந்து கூட்டிக்கொண்டு போனாள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை, ஏழாவது தொட்டிக்குப் பக்கத்தில் அமலோற்பவம் அம்மாள் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் துணி சுற்றிக் கிடந்தன. "தொட்டி காலியா இருக்கா, மண்டோர்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நீர் மொண்டு ஊற்றினார். தீ மூட்டினார். மட்டைக் குவியலில் உட்கார்ந்தார். இடுப்புச் செருகலிலிருந்து கசங்கிய தேயிலைக் காகிதம் ஒன்றை எடுத்தார். பென்சிலை இடது கையில் பிடித்தார்.

நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா, மறுபடியுமா?"

"எரிஞ்சது தாளுதான். தெனம் மூணு வரி எழுதுனவளுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஆனா இடக்கை வளைய மாட்டேங்குது. இன்னிக்கு ஒரு வரிதான்."

"அங்க என்ன கேட்டாங்க?"

சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். என்ன எரித்தாய் என்று தினமும் கேட்டார்களாம். கதை என்றாராம். அப்படியானால் அந்தக் கதையைச் சொல் என்றார்களாம். கல்யாணப் பேச்சு என்றால் நடுங்கும் ஒரு மாப்பிள்ளை. பெண்வீட்டுக்குப் போகும் வழியில் மாட்டு வண்டியிலிருந்து இறங்கி ஓடி ஒளிந்துகொள்கிறான். அவனைத் தேடி இரண்டு வீட்டாரும் ஊர் ஊராக அலைகிறார்கள். அதுதான் கதை. முதல் நாள் முழுவதும் சொன்னார். மொழிபெயர்ப்பாளன் எழுதிக்கொண்டான். மறுநாள் மறுபடியும் சொல் என்றார்கள். பொய் என்றால் மாறும், மாறினால் அகப்பட்டுக்கொள்வாள் என்பது அவர்கள் எண்ணம். சந்தேகத்தில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் அல்லவா? மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னார். விரலை நொறுக்கிவிட்டுக் கேட்டபோதும் சொன்னார். வரி மாறவில்லை, வார்த்தை மாறவில்லை. வண்டி மாட்டின் பெயர்கூட மாறவில்லை. அலுத்துப் போய், பைத்தியக்காரி என்று சொல்லி விரட்டிவிட்டார்கள்.

நாளுக்கு மூன்று வரி. ஒவ்வொன்றையும் நீர் காயும் நேரமெல்லாம் வாயில் போட்டு மென்று, பிறகு தாளில் வைத்தவை. அதனால்தான் அவர் பிழைத்தார், தோழர்களே! கெம்பித்தாய்க்குப் போனவள் எப்படி உயிரோடு வந்தாள், யாரை விற்றுவிட்டு வந்தாள் என்று இந்த ஊர் இரண்டு வருஷமாகக் கேட்கிறதே, இதோ பதில்! அவர் யாரையும் விற்கவில்லை.

"ஒரே ஒரு இடத்துல மட்டும் மாத்திட்டேன், மண்டோர்" என்றார். "மாப்பிள்ளை பாக்காவ் காட்டுல ஒளியலை. கொப்பரைக் கொட்டகைப் பரண்ல ஒளிஞ்சான்னு முதல் நாள்லேர்ந்தே சொன்னேன். உங்க தம்பி வாய்க்கால் என் வாயில வரலை."

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாய்க்கெழமையானா மூணாவது வாய்க்காலுக்கு நண்டு பிடிக்கப் போறவரு நண்டே இல்லாம வர்றதைப் பார்த்தேன். பாக்கறதை எழுதாம இருக்க முடியலை எனக்கு. தழும்பைக்கூட மறைக்கத் தோணலை பாருங்க. அது என் தப்பு, பெரிய தப்பு. அதான் பூட்ஸ் சத்தம் கேட்டதும் முதல்ல அந்தத் தாளைத் தள்ளினேன். மத்ததைப் பிரிச்செடுக்க நேரமில்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "யாரு சொல்லியிருப்பாங்க, மண்டோர்?"

தாய்மார்களே, ஒரு மனிதனுக்கு வாய் எதற்காக இருக்கிறது? அந்த இடத்தில் பேசுவதற்குத்தான் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியலைம்மா."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். சப்பான்காரன் விழுந்தான். அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து போராடிய ஆள்கள் இறங்கி வந்தார்கள், காட்டிக் கொடுத்தவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அந்த வாரங்களில் என்னென்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமலோற்பவம் அம்மாள் பெயரையும் யாரோ சொன்னார்கள். என்னிடம் வந்து கேட்டார்கள். "அந்தம்மா மேல தப்பில்ல, நான் பொறுப்பு" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "தெரியும்" என்று மட்டும் சொன்னேன். உயிரைக் காப்பாற்றினேன் என்று மார்தட்டிக்கொண்டேன். பெயரைக் காப்பாற்றவில்லையே! என் பெயரைக் காப்பதற்காக அவர் பெயரை அழுக்கிலேயே விட்டேனே!

அவர் எழுதினார். இடது கை பழகியது. ஒரு வரி இரண்டானது, இரண்டு மூன்றானது. கிரகோரி இறந்துவிட்டார் என்று சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். அன்றைக்கு அவர் எழுதியது ஒரே ஒரு சொல். என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மூன்று வரி. மலேரியாவில் பல் கிட்டிக் கிடந்த ஒருநாள் "மாப்பிள்ளை தும்மினான்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். தாளை நானே பார்த்தேன், கோணல் மாணலாக இருந்தது. போன பிப்ரவரியில் கதை முடிந்தது.

அந்தக் கதையை இந்தப் படிப்பகத்தில் படிக்கலாம் என்று தலைவர் சொன்னார். உறுப்பினர்கள் என்ன சொன்னார்கள்? "அவ எழுதுனதையா? இந்தக் கூரைக்குக் கீழயா?" அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குப் போனேன். ஊபிக்கிழங்கு இறங்கவில்லை. இல்லை, இப்போது சோறுதான். சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, நடந்ததைச் சொன்னேன். முழுதும் சொன்னேன்.

அவர் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பா? அது எனக்கே தெரியலை மண்டோர். யோசிக்கணும். நாளாகும்." பிறகு கேட்டார்: "எங்கிட்ட வந்து சொன்னா எனக்கு என்ன ஆச்சு? நான் காட்டிக் குடுக்கலைன்னு எனக்குத்தான் முதல்லயே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஆகவே வந்தேன். தெரியாதவர்களே, உங்களிடம் சொல்கிறேன்! காட்டிக் கொடுத்தவன் நான். அவர் அல்ல. எழுதுகிற கையைக் கண்டு பயந்தவன் நான். எதற்காக எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன், வந்த பதிலை நம்பாமல் போனேன். பசியில் எழுத முடியும், பயத்தில் எழுத முடியும், விரல் ஒடிந்தும் எழுத முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் அந்த நாள்களில் நான் செய்த வேலை எல்லாம் வயிற்றுக்காக, இல்லாவிட்டால் பயத்துக்காக. இரண்டுக்கும் இல்லாமல் ஒருவர் தினமும் ஒரு வேலை செய்தால் அதில் சூது இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நேரமில்லை என்கிற இளைஞர்களே, உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் பார்த்தவன் சொல்கிறேன். உங்கள் நாளிலும் நீர் காயும் நேரம் ஒன்று இருக்கும். உலை கொதிக்கும் நேரமோ, படகு வரும் நேரமோ, ஏதோ ஒன்று. அதில் மூன்று வரி எழுதுங்கள். முடியாத நாளில் மாப்பிள்ளையைத் தும்ம வையுங்கள். நாளைக்கு உங்கள் தாள் எரியலாம். எரிந்தால் மறுநாளும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்து எழுதினால், ஐயா, தயவுசெய்து அவரை எழுத விடுங்கள்!

முடிக்கிறேன். முடிக்குமுன் ஒன்று. அமலோற்பவம் அம்மாள் இந்த மன்றத்தில் இருக்கிறார். தாய்மார்கள் பக்கம், தூணோரத்துப் பெஞ்சு. நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் அவரும் பேட்ரிசியாவும் மட்டும் இருக்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது.

யாரது எழுந்தது? செல்லமா? ... போ அம்மா, போய் உட்கார்.

ராஜசேகரா, நீ எங்கே போகிறாய்? அது தாய்மார்கள் பக்கம். சரி, போ. போகட்டும், வழி விடுங்கள். என்னைப் பார்க்காதே தம்பி, உன்னிடம் நான் பிறகு அடி வாங்கிக்கொள்கிறேன். அவரைப் பார்.

அழாதே. சத்தமாகச் சொல், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும். அம்மா ஏதோ சொல்கிறாரே, என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, அமைதி!

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேடை தெரியலை."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! இந்த ஊர் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! தங்கராஜு அண்ணனும் எழுந்துவிட்டார். அண்ணே, மேடைக்கு வருகிறீர்களா, அந்தப் பெஞ்சுக்குப் போகிறீர்களா? பெஞ்சுக்கா? நல்லது. பெஞ்சில் இடமில்லை என்றால் தூணில் சாய்ந்து நில்லுங்கள்.

இந்த மேடையைத் தந்த தலைவருக்கும், கல்லெடுக்காமல் கேட்ட பெரியோர்களுக்கும், கண் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. அமலோற்பவம் அம்மாளுக்கு நான் நன்றி சொல்ல முடியாது. அந்தச் சொல் எனக்குப் பெரியது. தலைவர் அவர்களே, என் நேரம் முடிந்தது. அவருடைய கதைக் கட்டு பேட்ரிசியாவின் மடியில் இருக்கிறது. முதல் பக்கத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள். நான் கீழே இறங்கி, தரையில் உட்கார்ந்து கேட்கிறேன். எல்லோருக்கும் என் தாழ்ந்த வணக்கம்.